அஞ்சாவது தடவைக்கு யார் கையெழுத்து?

மலேசியாவில் மருத்துவ அலட்சிய வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போலம் வழக்கின் பெயரைச் சொல்லிவிடுவார். ஒரு டாக்டர் செய்தது சரியா தவறா என்று பார்க்க, அதே துறையைச் சேர்ந்த பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு பிரிவினர் அதை ஏற்பார்களா என்று பார்த்தால் போதும். வேறு டாக்டர்கள் அதை ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் அவர்மேல் பழி விழாது. 1957-ல் லண்டனில் நீதிபதி மெக்நேர் ஜூரிக்குச் சொன்ன விளக்கம் இது. நம் நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகளாக டாக்டர்களைக் காத்து வந்தது இதுதான். ஆனால் அந்த போலம் எந்த நோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

ஜான் ஹெக்டர் போலம் மனச்சோர்வு நோயாளி. 1954 ஆகஸ்ட் 23 அன்று லண்டன் ஃப்ரையர்ன் மருத்துவமனையில் அவருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை. உடம்பை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. தாடையையும் தோளையும் மட்டும் தாங்கிக்கொண்டு, கட்டிலின் இரண்டு பக்கமும் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் நிறுத்தியிருந்தார்கள். வலிப்பு வந்த வேகத்தில் இரண்டு இடுப்புக் குழிகளும் உடைந்து தொடையெலும்பு உள்ளே ஏறிவிட்டது. சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். எலும்பு முறியும் ஆபத்து உண்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்று என்று சாட்சியம் வந்தது. மனநோயாளி குணமாக இது ஒன்றுதான் வழி என்று டாக்டர் உறுதியாக நம்பும்போது, சிறியது என்று அவர் கருதும் ஆபத்தை அழுத்திச் சொல்லாததற்காக அவரைக் குறை சொல்ல முடியாதென்று நீங்கள் நினைக்கலாம் என்று நீதிபதி ஜூரியிடம் சொன்னார். போலம் தோற்றார்.

இந்த வழக்கை நான் எத்தனையோ மனுக்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன், பெரும்பாலும் எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டியதற்குப் பதிலாக. அதன் பிறப்பிடத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனது மலாக்காவின் ஜாசின் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். 2017-க்குச் சற்று முன்னால் நடந்தது. பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. சமரசப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தக் குடும்பத்து அம்மாள் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு அந்த நிலத்தில் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமாகிப் போனதும் மலிவு விலை வீட்டுக்கு வந்தார். கணவர் இறந்த பிறகு தொழிற்சாலை கேண்டீனில் வேலை. ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. பிறகு சமைப்பது நின்றது, குளிப்பது நின்றது, பேச்சும் நின்றது. தன் வயிறு அழுகிவிட்டது, சோறு போட்டால் வீணாகும் என்று கடைசியாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

தம்பி செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். அக்காவை முதலில் செங் சன்னாசிமலை கோயிலுக்குக் கூட்டிப்போனார். பிறகு மெர்லிமாவ் பக்கம் ஒரு சாமியாடியிடம், அப்புறம் ஒரு மலாய் மந்திரவாதியிடம், போமோவிடம். மலாக்காத் தமிழ்க் குடும்பங்களில் இந்த வரிசை அநேகமாக மாறுவதே இல்லை. இதில் படிப்பறிவு இல்லாமையைவிடப் பயம்தான் அதிகம். ‘தம்போய்க்குக் கொண்டு போயிட்டாங்க’ என்ற ஒரு வார்த்தை, மகளுக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்பப் போதும். ஜொகூர் தம்போயில் இருக்கும் பெர்மாய் மருத்துவமனையும் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானும் நம் பேச்சில் நோயைத் தீர்க்கும் இடமாக இருந்ததே இல்லை, எப்போதும் திட்டுகிற சொல்தான். சாக வேண்டும் என்று அக்கா சொன்னதைத் தம்பி டாக்டரிடம் மறைத்தார். அப்போது தற்கொலை முயற்சி குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. 2023-ல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. போலீஸ் வருமோ என்ற பயத்தில் “சாப்பிட மாட்டேங்கிறாங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மின்னதிர்ச்சி சிகிச்சை வேண்டும் என்றார்கள். தம்பி கையெழுத்துப் போட்டார். எட்டுத் தடவை கொடுத்தார்கள். அம்மாள் எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், வீட்டுக்கு வந்தார். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த மகன் செய்தி கேட்டு ஓடிவந்து, நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டான்.

“எங்கம்மாவுக்குக் கரண்டு வச்சிருக்காங்க சார். இது சித்திரவதை. கேஸ் போடணும்” என்றான்.

அவன் மனத்தில் இருந்தது தமிழ் சினிமா காட்டிய காட்சி. கைகால் கட்டிப்போட்ட ஆள், வாயில் துணி, பல்லைக் கடித்துக்கொண்டு துடிப்பது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. போலமுக்கும் தசை தளர்த்தி கிடைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு இந்திய உச்ச நீதிமன்றத்தில் மனநலம் பற்றி எழுந்த கேள்விகளில், மயக்க மருந்தில்லாத இந்தச் சிகிச்சையும் ஒன்று. அதைச் சட்டமாகவே தடை செய்ய இந்தியாவுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை, அதன் 95-ஆம் பிரிவு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு நடந்தது வேறு. அறுவைச் சிகிச்சைக்குக் கொடுப்பதுபோல மயக்க மருந்து, தசை தளர்த்தி, வாயில் ரப்பர் காப்பு, விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி. மூளைக்குள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான வலிப்பு. வெளியில் கால்விரல் துடிப்பதோடு சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று, ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுப்பது வழக்கம்.

நான் மகனிடம் ஒளிக்காமல் சொன்னேன். இது வேலை செய்கிறதா என்ற சண்டையை நீதிமன்றத்தில் போட்டால் தோற்போம். 2003-ல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டிஷ் தொகுப்பாய்வு, கடும் மனச்சோர்வுக்கு மாத்திரையைவிடவும், மயக்க மருந்து மட்டும் கொடுத்துக் கரண்டு கொடுக்காமல் விட்ட போலிச் சிகிச்சையைவிடவும் இது நல்ல பலன் தந்தது என்கிறது. மறுப்பவர்கள் இருக்கிறார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாமே பழசு, 1985-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, இருப்பதும் தரமில்லை என்று ஜான் ரீட், இர்விங் கிர்ஷ் போன்றவர்கள் 2019-ல் எழுதினார்கள். அவர்கள் சொல்வதிலும் சத்து இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் தகுதியுள்ள நிபுணர்கள் நிற்கும் இடத்தில் சட்டம் தலையிடாது. போலம் விதியின் சாரமே அதுதான். தவிர, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த பெண்மணி எழுந்து நடக்கிறார். அவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, ‘இவர்கள் உங்களைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று நான் சொன்னால் எந்த நீதிபதி நம்புவார்?

மகனுக்கு என்மேல் கோபம். கூட வந்திருந்த அம்மாள் அதுவரை பேசவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ஆஸ்பத்திரி மேல எனக்குக் கோவம் இல்ல சார். கூட்டுக் கணக்குதான் போச்சு.”

தோட்டத்துப் பெண்களின் வங்கி கூட்டுதான். மாதம் ஆளுக்கு இருநூறு வெள்ளி போட வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். பிடிப்பவர் நாணயமாக இருந்தால் அதில் கல்யாணமும் நடக்கும், மோட்டார் சைக்கிளும் வரும். இந்த அம்மாள் வருடக்கணக்காகக் கூட்டுப் பிடித்தவர். யார் எடுத்தார்கள், யார் முறை, யாருக்குப் பாதி முன்கூட்டிக் கொடுத்தது, எல்லாமே அவர் தலைக்குள். நோட்டுப் புத்தகத்தில் முதலெழுத்தும் புள்ளியும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால், நோய்க்கு முந்தைய பல மாதங்கள் தலையில் இல்லை. எதிர்வீட்டுப் பெண் “நான் இன்னும் எடுக்கலக்கா” என்கிறார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே புள்ளி இருக்கிறது. புள்ளி எடுத்ததற்கா, கட்டியதற்கா என்று போட்டவருக்கே தெரியவில்லை. கைப்பணத்தைப் போட்டுச் சிலருக்கு அடைத்தார். மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஊருக்கு அவர் பைத்தியமானதைவிடக் கணக்கை மறந்ததுதான் பெரிய விஷயமாக இருந்தது.

இது எனக்குக் கிடைத்த அருமையான சாட்சியம். ஞாபக இழப்பை வெள்ளிக் கணக்கில் காட்ட முடிகிற வழக்கு எத்தனை வரும்? ஆனால் என்னால் அதைத் தொட முடியாது. நம் நாட்டில் கூட்டு நிதி (தடை) சட்டம் 1971 என்று ஒன்று இருக்கிறது. கூட்டை ஒரு தொழிலாக நடத்துவது குற்றம். என் கட்சிக்காரரின் இழப்பை நிரூபிக்கிறேன் என்று போய், அவர் குற்றத்தையும் சேர்த்து நிரூபித்துவிட்டு வருவேன். அந்த நோட்டுப் புத்தகத்தை மூடி அவர் கையிலேயே கொடுத்து, வீட்டில் வைத்துவிடச் சொன்னேன்.

மருத்துவப் பதிவேடுகள் வந்தன. மருத்துவ வழக்கில் உண்மையைத் தேடுகிறவர் நிபுணர் அறிக்கையைவிட நர்ஸ் குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கொள்கை. டாக்டர் நாளைக்கு ஒரு தடவை வருவார், நர்ஸ் பக்கத்திலேயே இருப்பவர். முதல் மூன்று சிகிச்சைகளுக்கு முந்தைய குறிப்புகள் எல்லாம் ஒன்றுபோல: பேச்சில்லை, மூக்குக் குழாய் வழி உணவு. நான்காவதற்குப் பிறகு ஒரு மலாய் நர்ஸ் எழுதியிருந்தார்: ‘மாக்கான் பூபோர், ஹாபிஸ்.’ கஞ்சி முழுதும் சாப்பிட்டார். மறுநாள்: ‘பெசாகிட் தாஞா ஹாரி அபா.’ இன்று என்ன கிழமை என்று நோயாளி கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே, சீப்பு வேண்டும் என்று கேட்டதாக இன்னொரு வரி. அதற்கு அடுத்த நாள் காலையில் ஐந்தாவது சிகிச்சை.

ஐந்தாவது சிகிச்சையின் படிவத்தைத் தேடி எடுத்தேன். முதல் தடவைக்குத் தம்பியின் கையெழுத்து இருக்கிறது. அடுத்த ஏழு தாள்களிலும் அந்த இடத்தில் ‘சம்மதம்: முன்பே பெறப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

நான் அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சீப்புக் கேட்டது அவருக்கு ஞாபகமில்லை. குறிப்பைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப அஞ்சாவது தடவைக்கு நான் பேசிக்கிட்டுத்தானே இருந்திருக்கேன் சார்? என்னைக் கேக்கலயா?”

வழக்கு அங்கேதான் பிறந்தது. மகன் சொன்ன சித்திரவதையை நான் மனுவில் எழுதவில்லை. ஆஸ்பத்திரி சொன்ன உயிர்காப்பையும் மறுக்கவில்லை.

நம் மனநலச் சட்டம் 2001-ல் நிறைவேறி 2010-ல் அமலுக்கு வந்தது. அதன் 77-ஆம் பிரிவு இந்தச் சிகிச்சையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நோயாளி சம்மதம் தரும் நிலையில் இருக்கிறார் என்று மனநல நிபுணர் மதிப்பிட்டால், சம்மதம் அவருடையது. அவரால் முடியாதபோது உறவினர். உறவினரும் கிடைக்காதபோது இரண்டு மனநல நிபுணர்கள். நிலையை மதிப்பிடுவது எப்படி என்றும் சட்டம் சொல்கிறது. தன் நோய் என்ன, சிகிச்சை என்ன, எதற்காக, செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து, இவை நோயாளிக்குப் புரிகிறதா, அவர் நோய் அவருடைய சம்மதத்தைப் பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பியின் கையெழுத்து அக்காவால் முடியாத காலத்துக்கு மட்டும்தான். சிகிச்சை பலித்து அக்காவுக்கு வாய் வந்த நாளில் அந்தக் கையெழுத்தின் உயிர் போய்விட்டது என்பது என் வாதம். சிகிச்சை நன்றாக வேலை செய்யச் செய்ய, எந்தச் சம்மதத்தின் மேல் அது நடக்கிறதோ அந்தச் சம்மதம் கரைந்துகொண்டே வருகிறது. சாதாரண அறுவைச் சிகிச்சையில் இந்த விசித்திரம் இல்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். எட்டும் சேர்ந்தது ஒரே சிகிச்சை, அதற்கு ஒரே சம்மதம் என்றார். கஞ்சி குடித்தவரெல்லாம் ஆபத்தை எடைபோடும் நிலைக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை என்றார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்றார். மூன்றாவது உண்மை. முதல் இரண்டும் விவாதிக்கத்தக்கவை. என் பதில் ஒன்றே. நிலைக்கு வந்தாரா இல்லையா என்று மதிப்பிட்டதாக ஒரு வரி காட்டுங்கள். ‘பார்த்தோம், இன்னும் முடியவில்லை’ என்று டாக்டர் கிறுக்கியிருந்தால்கூட என் வழக்கு படுத்துவிடும். அந்த வரி எங்கும் இல்லை.

ஆபத்தைச் சொன்னார்களா என்ற கேள்வியில் எனக்குத் துணை அதிகம். கார் விபத்தில் கழுத்தெலும்பு விலகி ஆஸ்பத்திரிக்குப் போய், அறுவைக்குப் பின் கைகால் விளங்காமல் போன ஃபூ ஃபியோ நாவின் வழக்கு 1982-ல் நடந்த விபத்திலிருந்து 24 ஆண்டு ஓடி, 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. ஆபத்தைச் சொல்வதில் டாக்டர்களின் வழக்கம் அளவுகோல் ஆகாது, நோயாளிக்கு எது முக்கியம் என்பதே அளவுகோல் என்று அந்தத் தீர்ப்பு ஆஸ்திரேலியாவின் ராஜர்ஸ் – விட்டக்கர் வழக்கைப் பின்பற்றியது. அந்த ஆஸ்திரேலிய வழக்கில் சொல்லாமல் விட்ட ஆபத்து பதினான்காயிரத்தில் ஒன்று. டாக்டர் தோற்றார். போலம் வழக்கில் பத்தாயிரத்தில் ஒன்று. நோயாளி தோற்றார். எங்கள் வழக்கு ஓடிக்கொண்டிருந்த 2017-ல் அதே கூட்டரசு நீதிமன்றத்தின் சுல்ஹாஸ்னிமார் தீர்ப்பு வந்து, நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் போலம், ஆபத்தைச் சொல்வதற்கு விட்டக்கர் என்று எல்லையைத் தெளிவாக்கியது. ஞாபக இழப்போ பத்தாயிரத்தில் ஒன்று கிடையாது. டயானா ரோஸும் சகாக்களும் 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியபடி, சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது நிலைத்த ஞாபக இழப்பைச் சொல்கிறார்கள். ரோஸ் தானே இந்தச் சிகிச்சையைப் பெற்றவர். மனச்சோர்வே ஞாபகத்தைத் தின்னும், எல்லாவற்றையும் கரண்டின் தலையில் போடாதே என்பது டாக்டர்களின் மறுமொழி. அது சரியாகவே இருக்கட்டும், அதையும் நோயாளியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்தில், விசாரணைக்கு முன்பே, சமரசப் பேச்சு. குளிர்சாதனம் அதிகமாக ஓடிய சின்ன அறை. தம்பி கூனிக்குறுகி ஓரமாக உட்கார்ந்திருந்தார். தன்மேல்தான் வழக்கு என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். சிகிச்சை கொடுத்த டாக்டரும் வந்திருந்தார். நல்ல மனுஷர். ஏன் ஐந்தாவது தடவைக்கு முன் கேட்கவில்லை என்றபோது மழுப்பாமல் சொன்னார். அப்போதுதான் தேறிவந்தார், ஞாபகம் போகும் என்று சொல்லிப் பயமுறுத்தினால் மறுத்துவிடுவாரோ, மறுத்தால் மறுபடி குழிக்குள் போய்விடுவாரோ என்று நினைத்தேன் என்றார்.

மெக்நேர் 1957-ல் ஜூரியிடம் சொன்னது வார்த்தை மாறி என் எதிரில் உட்கார்ந்திருந்தது. மறுத்துவிடுவார் என்று பயந்தீர்கள் என்றால், மறுக்கும் நிலையில் அவர் இருந்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா டாக்டர் என்று கேட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவர் முழங்கையைத் தொட்டார். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்தார்கள்.

தொகையைச் சொல்ல முடியாது. பெரிய தொகை இல்லை, கூட்டுக் கடனை அடைத்த பிறகு கொஞ்சம் மிஞ்சியது என்று வேண்டுமானால் சொல்லலாம். பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வழக்கமான வரியும் உண்டு. அதோடு, ஒவ்வொரு தடவைக்கு முன்னும் நோயாளியின் நிலையைப் பார்த்து எழுத ஒரு கட்டம் படிவத்தில் சேர்க்கப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மகனுக்குத் திருப்தியில்லை. தீர்ப்பு வேண்டும், பேப்பரில் வர வேண்டும் என்றான். கட்சிக்காரர் அம்மா, நீ இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சில ஆண்டுகள் கழித்து அந்த அம்மாள் மகளோடு வந்தார். நோய் திரும்புவது தனக்கே தெரிகிறது, சாப்பாடு மண்ணாக இருக்கிறது என்றார். மறுபடியும் அதே சிகிச்சைக்குத் தயாராக இருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. “செத்துக் கெடந்ததுக்கு அது மேல் சார்” என்றார். தன்னால் பேச முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதித்தரக் கேட்டார். இப்படி முன்கூட்டி எழுதி வைப்பதற்கு இந்தியாவின் 2017 சட்டம் 5-ஆம் பிரிவில் இடம் தந்திருக்கிறது. நம் மனநலச் சட்டத்தில் அதற்கென்று பிரிவு இல்லை. டாக்டர் மதித்தால் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.

தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கம். தலையின் வலது பக்கம் மட்டும் கரண்டு வைக்கும் முறையில் ஞாபகம் குறைவாகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், முதலில் அதைச் செய்யுங்கள். பேச்சு வந்த மறுநிமிடம் என்னைக் கேளுங்கள். எனக்காகக் கையெழுத்துப் போடுவது மகள், தம்பியை இழுக்க வேண்டாம். நான் ‘ஞாபக இழப்பு ஏற்படலாம் என்பதை அறிவேன்’ என்று எழுதியிருந்தேன். ‘ஏற்படலாம்’ என்பதை அடித்து ‘ஏற்படும்’ என்று மாற்றச் சொன்னார்.

டாக்டர் அந்தத் தாளை வாங்கிக் கோப்பின் முதல் பக்கமாக வைத்தார். இந்த முறை ஆறு தடவையே போதுமானதாக இருந்தது. ஆறுக்கும் அந்த அம்மாளே கையெழுத்துப் போட்டார். கூட்டு இப்போது மகள் கையில். நோட்டுப் புத்தகத்தில் முழுப் பெயர், தேதி, தொகை எல்லாம் எழுதுவதாகப் பெருமையாகச் சொன்னார். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞன் என்ற முறையில் நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.